பூங்காவுக்கு எதற்குப் பகலில் பூட்டு? மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

ஆணையர் அவர்களுக்கும் மேயர் அவர்களுக்கும் எங்கள் வார்டு உறுப்பினருக்கும்,

எங்கள் குடியிருப்புப் பூங்காவின் கேட்டில் போன வாரம் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறீர்கள். காலை 5 முதல் 9 வரை, மாலை 4 முதல் 8 வரை மட்டுமே அனுமதி. பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது, புல்தரையில் உட்காரக் கூடாது, தின்பண்டம் கொண்டுவரக் கூடாது. கடைசி வரியில், பின்பக்கத்து மண்திடல் 'நவீன விளையாட்டுத் திடலாக மேம்படுத்தப்பட' உள்ளதால் அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று இருக்கிறது. அது என்ன மேம்பாடு என்று மண்டல அலுவலகத்தில் போய்க் கேட்டோம். செயற்கைப் புல் விரித்து, சுற்றி வலை கட்டி, தனியாரிடம் கொடுத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடப் போகிறார்களாம், டெண்டர் தயாராகிறதாம். வார்டு மக்களிடம் கேட்டீர்களா என்றோம். அதற்குப் பதில் வரவில்லை, டீ வந்தது.

நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள். மிஷின் இருப்பது முன்னறையில், முன்னறை ஜன்னலுக்கு நேரே பூங்கா கேட். காலையிலிருந்து ராத்திரி வரை அந்தக் கேட்டுக்குள் யார் போகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதை என்னைப்போலப் பார்க்கிறவர்கள் இந்த வார்டில் யாரும் கிடையாது. உங்கள் அதிகாரிகள் ஆய்வுக்கு வருவது காலை ஏழு, ஏழரைக்கு. அப்போது பூங்கா நன்றாகத்தான் இருக்கும். ஷூ போட்டவர்கள் சுற்றிச் சுற்றி நடப்பார்கள், ஓய்வு பெற்றவர்கள் பெஞ்சில் பேப்பர் படிப்பார்கள், குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் ஓடும். போட்டோ எடுத்துக்கொண்டு ஜீப் போய்விடும். அதற்கப்புறம் நடப்பதுதான் உங்களுக்குத் தெரியாமல் இருக்கிறது, அதற்காகத்தான் இந்த மடல்.

ஒன்பது மணிக்கு மேல் பூங்கா யாருக்கு வேண்டும்? மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு நான்காவது வீட்டுக்குப் போவதற்கு நடுவில் ஒரு வாய் சோறு சாப்பிட இடம் தேடும் அம்மாக்களுக்கு வேண்டும். பால்வாடியிலிருந்து பேரனைக் கூட்டிக்கொண்டு வரும் பாட்டிகளுக்கு வேண்டும், ஏனென்றால் பத்துக்குப் பத்து வீட்டில் மூன்று வயதுப் பிள்ளையை மதியம் முழுக்க எப்படி அடக்கி வைப்பது? ஆர்டர் வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் டெலிவரி பையன்களுக்கு, பெயின்ட் அடிக்க வந்தவர்களுக்கு, கூரியர்காரருக்கு, கோடை விடுமுறையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும். வீட்டில் ஏசி இருப்பவர்களுக்கு மத்தியானம் பூங்கா தேவைப்படாது என்பது உண்மைதான். நேரத்தை முடிவு செய்தவர்கள் எல்லாருமே அந்த வகை வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஃப்ளெக்ஸைப் படித்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

கேட்டுக்கு இடதுபுறம் சுற்றுச்சுவருக்கு உள்ளே ஒரு பெரிய புங்க மரம் இருக்கிறது. அதன் ஒரு கிளை சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் நீண்டிருந்தது. மதியம் ஒரு மணிக்கு அந்தக் கிளையின் நிழல் நடைபாதையில் ஒரு பாய் அகலத்துக்கு விழும். அந்த நிழலில் வரிசையாக முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நாலைந்து பேர் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார்கள், காலை நீட்டினால் வெயிலில் படும் என்பதால் மடக்கியே வைத்திருப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அதே மரத்தின் நிழல் ஒரு கல்யாணப் பந்திக்குக் காணும், கீழே நாலு சிமென்ட் பெஞ்சு, ஒரு ஈ காக்கா கிடையாது. போன மாதம் தெருவில் இலை கொட்டுகிறது என்று அந்த ஒரு கிளையையும் பூங்காவைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வெட்டிவிட்டார்கள். இப்போது அவர்கள் டிரான்ஸ்ஃபார்மர் நிழலில் உட்காருகிறார்கள். ஆபத்து என்று சொன்னால், வேறெங்கே போறது அக்கா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது 2024-ல். அதாவது வெயிலில் ஒருவர் செத்துப்போனால் அது அரசாங்கக் கணக்கில் பேரிடர் மரணம். ஒவ்வொரு ஏப்ரலிலும் மதியம் 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள் என்று நீங்களே வண்டி வைத்து மைக்கில் சொல்கிறீர்கள். வெளியேதான் வேலை என்று இருப்பவர்கள் எங்கே ஒதுங்குவது? டெலிவரி வேலை செய்பவர்கள் உட்கார சென்னை அண்ணா நகரில் 2025-ல் குளிரூட்டிய ஓய்வறையே கட்டித் திறந்தார்கள், நல்ல விஷயம். எங்களுக்கு ஏசி வேண்டாம். ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் புங்கை, வேம்பு, தூங்குமூஞ்சி மரத்து நிழலுக்கு ஒரு ரூபாய் செலவில்லை, பூட்டைத் திறந்தால் போதும்.

சரி, ஏன் பூட்டுகிறீர்கள்? இதற்கு முன்பு பத்து மணிக்குப் பூட்டி நாலு மணிக்குத் திறப்பார்கள். அது எந்த உத்தரவின்படி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தேன். அப்படி ஒரு மன்றத் தீர்மானமோ சுற்றறிக்கையோ கோப்பில் இல்லை என்று உங்கள் அலுவலகமே எழுத்தில் பதில் தந்தது. இல்லாத உத்தரவின்மேல் இத்தனை வருஷம் பூட்டினீர்கள், அதைச் சுட்டிக்காட்டியதும் பூட்டை எடுப்பீர்கள் என்று பார்த்தால், இன்னும் ஒரு மணி நேரத்தைக் கூட்டி ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டீர்கள்.

உண்மையான காரணம் எனக்குத் தெரியும், வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். அவர் வயதானவர், அவரும் அவர் சம்சாரமும் மோட்டார் ரூமை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். பெருக்குவது, தண்ணீர் விடுவது, கேட் திறப்பது, கழிப்பறை கழுவுவது எல்லாம் அந்த இரண்டு பேர். சீசா உடைந்தாலும் பல்பு காணாமல் போனாலும் சம்பளத்தில் பிடிப்பேன் என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருக்கிறார். இத்தனை செடி உயிரோடு இருக்கிறதா, புல் வெட்டியிருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்த்துத்தான் அவருக்கும் பில் பாஸ் ஆகிறது. பூங்காவுக்கு எத்தனை பேர் வந்தார்கள், குழந்தைகள் விளையாடினார்களா, பாட்டிகள் உட்கார்ந்தார்களா என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லையாம். அப்படியென்றால் ஒப்பந்தக்காரருக்கு லாபம் எதில்? ஆள் வராமல் இருப்பதில். வாட்ச்மேனுக்கு நிம்மதி எதில்? பூட்டி வைப்பதில். அந்த இடத்தில் நான் இருந்தாலும் பூட்டத்தான் செய்வேன், அதனால் தயவு செய்து இந்த மடலைப் படித்துவிட்டு அந்த மனிதரைக் கூப்பிட்டு மிரட்டாதீர்கள். கோளாறு உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. முகூர்த்தப் பட்டைப் பீரோவில் மடித்து வைத்ததுபோலப் பூங்காவைக் காப்பாற்றுவதற்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

பாதுகாப்பு என்பீர்கள். குடிகாரர்கள் வருகிறார்கள், ஜோடிகள் வந்து உட்காருகிறார்கள், அதனால்தான் என்று உங்கள் உதவிப் பொறியாளர் என்னிடமே சொன்னார். குடிக்கிறவர்கள் கேட் வழியாக வருவதில்லை ஐயா, பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து வருகிறார்கள், அதுவும் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருகிறார்கள். மாலை நாலு மணிக்குத் திறந்ததும் வாட்ச்மேன் சம்சாரம் முதலில் செய்கிற வேலை பாட்டில் பொறுக்குவது. பாட்டிகளும் பிள்ளைகளும் இருந்தால் எவன் வந்து பாட்டில் திறப்பான்? ஜோடி விஷயத்தைப் பொறுத்தவரை, இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதால் எனக்கு இதுவரை ஒரு நஷ்டமும் வந்ததில்லை.

பக்கத்தில் பெங்களூரில் என்ன செய்தார்கள் பாருங்கள். அங்கேயும் மதியம் பூங்காக்களைப் பூட்டும் பழக்கம் இருந்தது. 2024-ல் கர்நாடகத் துணை முதல்வர், மாநகராட்சிப் பூங்காக்கள் காலை 5 மணியிலிருந்து இரவு 10 மணிவரை திறந்திருக்கும் என்று அறிவித்தார். நமக்கு இரவு பத்து வேண்டாம், ஒன்பது போதும். நடுவில் பூட்டாமல் இருந்தால் சரி.

அடுத்தது மண்திடல். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

பூங்காவில் சறுக்கு மரமும் ஊஞ்சலும் ஐந்து வயதுவரை. நடைபாதை நாற்பது வயதுக்கு மேல். நடுவில் இருக்கிற பிள்ளைகளுக்கு இருப்பது அந்த மண்திடல் ஒன்றுதான். பையன்கள் முக்கால் இடத்தில் கிரிக்கெட் ஆடுவார்கள், ரப்பர் பந்து, செங்கல் ஸ்டம்ப். மீதிக் கால் இடத்தில், வேப்ப மரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே ஒரு பழைய துப்பட்டாவை இழுத்துக் கட்டி, அதை நெட் என்று வைத்துக்கொண்டு என் மகளும் அவள் தோழிகளும் ஷட்டில் ஆடுகிறார்கள். துப்பட்டா நடுவில் தொங்கிப் போனதால் ஓரத்தில் ஒரு நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தேன், இப்போது நேராக நிற்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள், ட்யூஷனுக்கும் இருட்டுவதற்கும் இடையில் கிடைக்கிற நேரத்தில் ஆடுவது. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால், பையன்களாவது எப்படியோ தலைக்கு இருபது முப்பது சேர்த்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பெண் பிள்ளைக்குக் கட்டணம் கட்டி ஷட்டில் ஆட அனுப்பும் வீடு எங்கள் தெருவில் எத்தனை இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதுவும் எந்த வேளை காலியாக இருக்கும், ஆபீஸ் முடிந்து டீம் டீமாக வருபவர்கள் மாலை நேரத்தை மாதக்கணக்கில் புக் செய்துவிட்ட பிறகு?

ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்தில் 1990-களில் பூங்காக்களுக்கு யார் வருகிறார்கள் என்று ஆய்வு செய்து பார்த்தார்கள். சுமார் பத்து வயதைத் தொட்டதும் பெண் பிள்ளைகள் வருவது சட்டென்று குறைந்துவிடுகிறது, பையன்கள் தொடர்ந்து வருகிறார்கள் என்பது தெரிந்தது. இடத்துக்குப் போட்டி வந்தால் பெண்கள் ஒதுங்கிவிடுகிறார்கள் என்பதுதான் காரணம். அதற்கப்புறம் 1999-ல் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். ஒரே பெரிய திடலாக இருந்ததைச் செடி வைத்துப் பிரித்தார்கள், வாலிபாலுக்கும் ஷட்டிலுக்கும் இடம் போட்டார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பல கோடி ரூபாய் வேலை இல்லை அது. எங்கள் பிள்ளைகள் அந்த ஆய்வு எதையும் படிக்காமலேயே ஒரு துப்பட்டாவை வைத்து அதையே செய்து காட்டியிருக்கிறார்கள். நீங்கள் அதை இடித்துவிட்டு வலைக்கூண்டு கட்டப் போகிறீர்கள்.

சென்னையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2024 அக்டோபரில் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்துக் கட்டணம் வாங்க மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். வடசென்னையிலிருந்து கால்பந்து ஆடி மேலே வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர், அவர்களில் யார் காசு கட்டி ஆடினார்கள் என்று ஊரே கேட்டது. உடனே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். தவறு தெரிந்ததும் திருத்திக்கொண்டது மரியாதையான காரியம்தான். அங்கே வேண்டாம் என்று விட்டதை இங்கே ஏன் எடுக்கிறீர்கள்?

பூங்கா யாருடையது என்பதையும் பேசிவிடலாம். என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் வக்கீலம்மா ஒருவர் விளக்கினார். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப் பிரிவு போட்டால் பத்து சதவீத இடத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடலுக்கு என்று ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் மனைக்கு அங்கீகாரம். மனை போட்டவர் அந்த இடத்தின் விலையைத் தன் கையிலிருந்தா போடுவார்? எங்கள் மனை விலையில் ஏற்றித்தான் விற்றார். தெருவில் ஒவ்வொரு வீட்டுப் பத்திரத்திலும் பூங்காவின் ஒரு துண்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருக்கிறோம், நீங்கள் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர்கள். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பட்டியலிட்டுப் பாதுகாக்க இந்த மாநிலத்தில் 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் அமைத்துத் தருவது நகராட்சி அமைப்புகளின் பணி என்று அரசியல் சாசனத்தின் பன்னிரண்டாம் அட்டவணையே சொல்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் நர்ஸிங் ஹோமுக்குக் கொடுத்தபோது குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரியும் நல்லதுதானே என்ற வாதத்தை 1991-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கே இல்லை என்றார்கள், மணிக்கணக்கு டர்ஃபுக்கு என்ன சொல்வார்கள் என்று பார்க்க வக்கீலம்மா ஆவலாக இருக்கிறார். எனக்கு கோர்ட்டுக்கு அலைய நேரமில்லை, தீபாவளித் துணி குவிந்து கிடக்கிறது.

நிதி இல்லை, பராமரிக்க வருமானம் வேண்டும் என்பது நீங்கள் கடைசியாகச் சொல்வது. 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தியபோது 600 சதுர அடிக்குக் குறைவான வீட்டுக்கே 25 சதவீதம் கூடியது, நாங்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். இந்தப் பூங்காவில் நன்றாக இருந்த பேவர் பிளாக்கைப் பெயர்த்துவிட்டு வேறு நிறத்தில் பேவர் பிளாக் போட்டீர்கள். ஊர்ப் பெயருக்கு முன்னால் சிவப்பு இதயம் வைத்து, ராத்திரி எல்லாம் எல்.இ.டி. எரியும்படி ஒரு செல்ஃபி மேடை கட்டினீர்கள். நீரூற்று திறப்பு விழா அன்று ஓடியது, அதோடு சரி, இப்போது அதில் மழைநீர் தேங்கிக் கொசுப் புழு நெளிகிறது, அதற்கு மருந்தடிக்கத் தனியாக ஆள் வருகிறார். உடற்பயிற்சிக் கருவிகளில் நடப்பது போல ஆடும் அந்த மிஷினுக்கு பேரிங் போய் ஒற்றைக் காலில் தொங்குகிறது. பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு, சாவி வாட்ச்மேனிடம், ஒரு ஆம்பளையிடம் போய்ச் சாவி கேட்கக் கூச்சப்பட்டு எத்தனையோ பேர் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். இது காசு இல்லாததால் வந்த நிலைமை மாதிரி எனக்குத் தெரியவில்லை. திறப்பு விழாவுக்குக் காசு இருக்கிறது, அடுத்த நாளுக்கு இல்லை.

கேட்பது இவ்வளவுதான்.

முதலில் அந்த ஃப்ளெக்ஸைக் கழற்றுங்கள். காலை 5 முதல் இரவு 9 வரை இடைவேளை இல்லாமல் பூங்கா திறந்திருக்கும் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டு, தீர்மான எண்ணோடு தகரப் பலகையில் எழுதி வையுங்கள். உட்காரவும் சாப்பிடவும் விளையாடவும் தடை போடும் வரிகள் அதில் வேண்டாம். குப்பைத் தொட்டி வைத்தால் குப்பையை அதில் போடுவோம்.

மண்திடலுக்கான டெண்டரை நிறுத்துங்கள். அந்த இடத்தில் என்ன வேண்டும் என்று, வார்டு மக்கள் பகுதி பகுதியாகக் கூடிப் பேசும் பகுதி சபையைக் கூட்டிக் கேளுங்கள், 2022-லிருந்து விதி இருக்கிறது, எங்கள் பகுதியில் கூட்டத்தைத்தான் காணோம். கூட்டத்தை மாலையில் வையுங்கள், பிள்ளைகளையும் பேச விடுங்கள். ஷட்டிலுக்கு இரண்டு இரும்புக் கம்பமும் ஒரு நெட்டும் பெண் பிள்ளைகள் பக்கத்தில் நட்டுக் கொடுத்தால் போதும், கட்டணம் எதுவும் கூடாது.

பெண்கள் கழிப்பறை பூங்கா திறந்திருக்கும் நேரமெல்லாம் திறந்திருக்க வேண்டும், சுத்தம் செய்ய ஒரு பெண் பணியாளரைப் போடுங்கள். குடிக்கத் தண்ணீர்க் குழாய் ஒன்று வேண்டும். நீரூற்றை மூடி மண் போட்டுச் செடி வைத்துவிடுங்கள், யாரும் தேட மாட்டார்கள்.

பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டில் ஒட்டுங்கள், யார் ஒப்பந்தக்காரர், எவ்வளவு தொகை, எது எது அவர் வேலை, புகாருக்கு எந்த எண். தேய்மானத்துக்கும் உடைசலுக்கும் வாட்ச்மேன் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்று அடுத்த ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று ஆள் போடுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி மாதத்தில் ஒரு முறையாவது மதியம் ஒரு மணிக்கு வரட்டும், எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று எண்ணி எழுதட்டும், அதையும் பார்த்து பில் பாஸ் செய்யுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று அடுத்த மாமன்றக் கூட்டத்துக்கு முன்னால் எழுத்தில் பதில் தாருங்கள். தீர்மானத்துக்கும் டெண்டருக்கும் நாள் பிடிக்கும் என்பது தெரியும். பகல் பூட்டுக்கு அது எதுவும் தேவையில்லை, நாளைக் காலை ஒன்பது மணிக்கு முன்னால் யாராவது ஒருவர் ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டு, கேட்டைப் பூட்ட வேண்டாம், உடைந்தால் மாநகராட்சி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வார்டில் குடியிருக்கும் ஒருத்தி